மூன்று கால், ஒன்று

கோட்டை வாசலில் முக்காலியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
கமராவுக்குத் தடையில்லை,
அதன் கால்களுக்குத்தான்.
பதிவேட்டில் அந்த ஆமிப் பெடியன்
சிங்களத்தில் ஒரு வரி எழுதினான்,
என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலும் வாசித்தான்:
"மூன்று கால். ஒன்று."
துண்டு இலக்கம் பதினேழு.

எனக்குக் கை நடுங்கும்.
தைரொயிட் என்றார் பெரியாஸ்பத்திரி டொக்டர்,
குளிசை தந்தார்,
தேத்தண்ணியைக் குறைக்கச் சொன்னார்.
தேத்தண்ணியைக் குறைக்கவில்லை.
முக்காலி வாங்கினேன்.

மீனவர் சங்கக் கலண்டருக்கு ஐப்பசி இன்னும் காலி.
"வள்ளங்கள் லைற்றோடு வரவேணும் தங்கச்சி,
ஆட்டம் இல்லாமல்" என்கிறார் செயலாளர் றெஜினோல்ட்.
அலையில் நிற்கும் வள்ளம் ஆடாமல் எப்படி என்று
நான் கேட்கவில்லை, அவர் முற்பணம் தந்திருந்தார்.

மேலே ஏற ஏற வெளிச்சம் வடிந்தது.
செருப்பையும் கழற்றிக் கொடுத்தாயிற்று.
பகல் முழுக்கக் குடித்த வெயிலைக்
கல் உள்ளங்காலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
கோணேசர் கோயில் மணி ஓய்ந்து
கீழே பாறையில் கடல் மோதுவது தனியாகக் கேட்டது.

கைப்பையில் காலங்குல போல்ட் ஒன்று,
அதில் முடிந்த நைலோன் கயிறு.
தபாற்கந்தோர் வீதி இரும்புக்கடையில் வாங்கியது.
கமராவுக்கு என்றதும் கடைக்காரர்
நாய்ச்சங்கிலியும் இருக்குது, காட்டவோ என்று கேட்டார்.

போல்ட்டைக் கமராவின் அடியில் முடுக்கி
கயிற்றின் மறுமுனையை வெறுங்காலால் மிதித்து
மேலே இழுத்தேன்.
கயிறு விறைத்தது.
கமராவுக்கு ஒரு கால் முளைத்தது.
மற்ற இரண்டும் என்னுடையவை.
இதைப் பதிய எந்தக் கொப்பியும் இல்லை.

முழங்கை இரண்டும் விலாவோடு.
தோள் மதிலோடு.
லென்ஸ் கண்ணை முழுதாய்த் திறந்து
நொடியில் எட்டிலொன்று.
முதல் பத்துப் படத்திலும்
விளக்குகள் புழுவாய் நெளிந்தன.
இருபதாவதில் ஒரு வள்ளத்துக்கு மூன்று விளக்கு.
குற்றம் கையில் மட்டும் இல்லை,
நெஞ்சு அடிப்பதும் படத்தில் விழுகிறது.

மூச்சை முழுதாய் இழுக்கக் கூடாது.
முழுதாய் விடவும் கூடாது.
பாதியில் நிறுத்து.

அந்தப் பாதி எனக்குத் தெரிந்த இடம்.
ஒன்பது வயது. மூதூர் இறங்குதுறை.
அடையாள அட்டைகளோடு ஒரு நீள வரிசை,
அக்காவின் சட்டை நுனி என் கையில்.
யாரோ ஒருவன் எங்களைத் தாண்டிப் போகும்வரை
மூச்சு அங்கேதான் நின்றது.
அசையாமல் நிற்க
எனக்கு யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை.

நல்லது. இன்றைக்கு அது உதவட்டும்.

பொத்தானை அழுத்தவில்லை.
நித்திரையான பிள்ளையின் வாயிலிருந்து
சூப்பியை எடுப்பதுபோல்
விரலைச் சரித்தேன்.
ஒன்றன் பின் ஒன்றாய் மூன்று படம்.
முதலாவதில் விரல் தொடங்கிய அதிர்வு,
மூன்றாவதில் விரல் முடிந்த அவசரம்.
நடுவிலது மட்டும் யாருடையதும் இல்லாத ஒரு கணம்.

அதில் பதினாறு வள்ளம்,
பதினாறே விளக்கு.
இருட்டில் சீனி தூவியதுபோல் கொஞ்சம் பொரி.
மதிலோரம் நான் கவனிக்காத மான் ஒன்று,
கொம்பு கூராய்,
கண் கூராய்,
இடது காது மட்டும் புகை.
ஆடியது அதுதான். நான் இல்லை.

இறங்கி வந்து துண்டை நீட்டினேன்.
பெடியன் படத்தைப் பார்த்தான்,
சின்ன விரலால் விளக்குகளை எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுச் சிரித்தான்.
முக்காலியைத் தந்து
பதிவேட்டைத் திருப்பி வைத்தான்,
இங்கே ஒரு கையெழுத்து.

பேனையைப் பிடித்தேன்.
என் பெயரின் கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டி
அடுத்த ஆளின் இடத்துக்குள் போய் நின்றது.